பாதி டீசல், பாதி ஊர்ச்சனம்

சிக்கனமாக வண்டி ஓட்டுவது எப்படி என்று, புதிதாக டிரைவர் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் நாலு வார்த்தை எழுதித் தர வேண்டுமாம். உங்கள் மேலாளர் தம்பி வீட்டுக்கே வந்து கேட்டார். முப்பது வருடத்துக்கு மேல் பஸ் ஓட்டியவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையை நான் கெடுப்பானேன், சரி என்று சொல்லிவிட்டேன்.

வந்தவர் சும்மா போகவில்லை. நீங்கள் ஓட்டப்போகும் ஹைப்ரிட் காரில் என்னை முன்சீட்டில் உட்காரவைத்து, கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வரைக்கும் ஒரு சுற்றுக் காட்டினார். நல்ல வண்டி, குறை சொல்லக் கூடாது. நின்றால் இன்ஜின் தானாக அணைந்துகொள்கிறது. கிளம்பும்போது பாட்டரி தள்ளிவிடுகிறது. வேகம் பிடித்த பிறகு இன்ஜின் மெதுவாக எழுந்து வந்து தன் வேலையைப் பார்க்கிறது. பிரேக்கை மிதித்தால் பாட்டரி ஏறுமாம். எங்கள் காலத்தில் பிரேக்கை மிதித்தால் முதலாளிக்கு ரத்தக் கொதிப்புதான் ஏறும். பதமாக ஓட்டினால் திரையில் ஒரு பச்சை இலை தளிர்க்கிறது, கண்டபடி மிதித்தால் அது காணாமல் போகிறது. "இதெல்லாம் உங்க காலத்துல கிடையாதுல்லா அண்ணாச்சி?" என்று மேலாளர் கேட்டார். மரியாதைக்காகச் சிரித்துவைத்தேன்.

கிடையாதா? தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஓட்டியதும் ஹைப்ரிட் வண்டிதான் தம்பிகளா. பாதி டீசலில் ஓடியது, மீதி ஊர்ச்சனத்தால் ஓடியது. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். கியரை எப்போது மாற்றுவது, டயருக்குக் காற்று எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். அதைப் படிக்க நான் வேண்டாம்.

அப்போது கோவில்பட்டியில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் இருந்தேன். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஐந்து பஸ், ஒரு தகரக் கொட்டகை, ஒரு முதலாளி, அவ்வளவுதான். முதலாளிக்குத் தீப்பெட்டி ஆபீஸும் உண்டு. ஒரு குச்சி கூட வீணாகக் கீழே விழாமல் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர். ஐந்து பஸ் வாங்கியதும் டீசலையும் குச்சி மாதிரியே எண்ணிப் பார்க்க ஆசைப்பட்டார். கொட்டகைச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டி, எந்த வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுத்தது என்று தினமும் தன் கையாலேயே எழுதினார். முதலில் வந்த டிரைவரின் பெயருக்கு மேல் ஒரு நட்சத்திரம். கடைசியில் வந்தவன் பெயருக்கு அடியில் ஒரு கோடு. மீசை வைத்த ஆம்பிளைகள் நாங்கள் ஐந்து பேர் காலையில் வந்ததும் அந்தப் பலகை முன்னால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி நின்றோம்.

முதலாளிக்கு மைலேஜ் பற்றி யாராவது புதிதாக ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஒரு தடவை அவருடைய மச்சினர் சொல்லி, எல்லா பஸ்ஸிலும் ஆக்சிலேட்டர் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து ஆணி அடித்தார். இதற்கு மேல் மிதிக்கவே முடியாதாம். மிதித்தால்தானே டீசல் போகும்? அருமையான யோசனை. அன்று காலை நான் நிறை ஆளோடு ரயில் பாலத்தில் ஏறினேன். பாதி ஏற்றத்தில் வண்டி மூச்சு முட்டி நின்றுவிட்டது. பின்னால் நாலு வண்டி ஹாரன். வேறு வழியில்லாமல் எல்லாரையும் இறக்கிவிட்டு, காலி வண்டியை மேலே ஏற்றினேன். சனங்கள் நடந்து வந்து பாலத்து உச்சியில் ஏறிக்கொண்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் என் பக்கத்தில் வந்து, "நடக்கதுக்கு எதுக்குவே டிக்கெட்டு? செருப்புக்குல்லா காசு குடுக்கணும்" என்றார். நான் சாயங்காலம் இதை முதலாளியிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "சரிடே, கட்டையக் கொஞ்சம் செதுக்குவோம்" என்றார்.

மறுநாளிலிருந்து கொட்டகையைத் தாண்டியதும் கட்டையைப் பிடுங்கி சீட்டுக்கு அடியில் போடுவோம், திரும்பி வரும்போது மாட்டிவிடுவோம். பலகையில் எண் கொஞ்சம் ஏறியது. எப்படி ஏறியது என்று எங்களுக்கே தெரியாது. கட்டையால்தான் என்று முதலாளி அந்த மச்சினருக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தார்.

முதலாளியை மட்டும் கிண்டல் செய்தால் நியாயமில்லை. நட்சத்திரத்துக்கு ஆசைப்பட்டதில் நான் யாருக்கும் சளைத்தவன் இல்லை. ஆனி, ஆடியில் நம் பக்கம் மேற்கேயிருந்து மேல்காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டிக்குத் திரும்பினால் காற்று நேரே நெஞ்சில் அடிக்கும், டீசலைக் குடித்துத் தீர்த்துவிடும். நான் ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். பருத்திமார், அதாவது காய்ந்த பருத்திச்செடிக் கட்டு, ஏற்றிய லாரி ஏதாவது போனால் அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டே போவது. காற்றை அவன் வாங்கிக்கொள்வான், நான் நிழலில் சுகமாகப் போவேன். மூன்று நாள் நட்சத்திரம் எனக்குத்தான். நாலாம் நாள் லாரிக்காரன் ஒரு மாட்டுக்காகப் பிரேக் அடித்தான். முன் கண்ணாடி முழுவதும் உடைந்து, ஒரு கட்டுப் பருத்திமார் என் மடியில் வந்து உட்கார்ந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது என் திறமை இல்லை. அன்றைக்கும் முதலாளி பலகையில் என் பெயருக்கு நட்சத்திரம் போட்டார் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கண்ணாடி உடைத்த பிறகு என்னைப் பருத்தியேந்தல் வண்டிக்கு மாற்றினார்கள். பலகையில் எப்போதும் கடைசி வண்டி அதுதான். கோவில்பட்டியிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர். மெயின் ரோட்டை விட்டு இறங்கி ஆறு கிலோமீட்டர் கரிசலுக்குள் போக வேண்டும். காலை எட்டு நாற்பதுக்கு அந்த ஊரிலிருந்து கிளம்பும். அதை விட்டால் அடுத்த வண்டி பதினொன்றரைக்குத்தான். கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஒன்பது பொம்பளைப் பிள்ளைகளுக்கு அந்த எட்டு நாற்பது வண்டி ஒன்றுதான் வழி.

லிட்டருக்கு மூன்றரை கொடுத்துக்கொண்டிருந்தது. ஏன் கொடுக்காது? ஊருக்குள் பதினோரு வாசல், பதினோரு வாசலிலும் ஒரு கை நீளும். இருபது அடிக்கு ஒரு தடவை நிறுத்தி, முதல் கியரில் எடுத்து, மறுபடி நிறுத்தி. இதைத் தாண்டினால் ரோட்டில் சோளக் கதிரையும் உளுந்துச் செடியையும் பரப்பிப் போட்டிருப்பார்கள். நம் டயர் ஏறி மணி உதிரட்டும் என்று இலவசமாகக் கதிரடிக்கும் ஏற்பாடு. ஒதுங்கிப் போகக் கூடாதென்று ஓரத்தில் கல் வேறு வைத்திருப்பார்கள். கதிரின் மேல் வண்டி போவது சேற்றில் மாடு போவது போலத்தான், இன்ஜின் முனகும். அதையும் தாண்டினால் சுப்பையாவின் ஆட்டு மந்தை. நூற்றைம்பது ஆடு, ஒன்றுக்கும் அவசரம் கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேல் வண்டியின் செல்ஃப் மோட்டார் போய்விட்டது. முதலாளி மாற்றித் தர மாட்டார். அணைத்தால் மறுபடி எழுப்ப முடியாது, ஆகவே ஊரில் போய் நிற்கும் கால் மணி நேரமும் இன்ஜினை ஓடவிட்டே வைத்திருப்பேன். நின்ற இடத்தில் டீசல் புகையாகப் போய்க்கொண்டிருக்கும்.

தை மாதம் ஒரு நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "இந்தா பாரு, நாலு வரலைன்னா பங்குனியோட அந்த டிரிப்ப நிறுத்திருவேன். வண்டிய வேற ரூட்ல விட்டுருவேன். சொல்லிட்டேன்" என்றார். மறுநாள் காலை பருத்தியேந்தலில் ஆள் ஏறி உட்கார்ந்ததும் நான் வண்டியை எடுக்கவில்லை. பானெட் மேல் ஏறி உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன்.

ஆளாளுக்குக் கத்தினார்கள். மனு கொடுக்கலாம் என்றான் ஒருவன். மறியல் செய்யலாம் என்றான் இன்னொருவன். பெண்கள் சீட்டில் இருந்த சண்முகத்தாய்தான் எல்லாரையும் அடக்கினாள். கோவில்பட்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை அவளுக்கு. புருசன் இல்லை. ஒரே மகள் பேச்சியம்மாள், பிளஸ் டூ.

"டிரிப்பு நின்னா எம் மவ படிப்பும் நின்னிரும் அண்ணாச்சி" என்றாள். "நின்ன மறுநாளே பிள்ளைகள வேலைக்கு ஏத்திட்டுப் போவ தீப்பெட்டி ஆபீஸ் வேனு வாசல்ல வந்து நிக்கும். அந்த வேனு மட்டும் எந்த ஊருக்கும் ஒரு நாளும் தவறுததில்ல. மனுவும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம். டீசல் கொறையணும், அவ்வளவுதான? நாங்க என்ன செய்யணும்னு சொல்லுங்க."

மைலேஜ் வர டிரைவர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. டிக்கெட் வாங்கியவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. சொன்னேன். அங்கேயே, அந்த பஸ்ஸிலேயே சட்டம் போட்டார்கள். பதினோரு வாசல் கிடையாது, வண்டி ஊருக்குள் வரும்போதே மூன்றே இடத்தில் கூடி நின்று எல்லாரும் ஏறிக்கொள்ள வேண்டும். எட்டு நாற்பது வண்டி போன பிறகுதான் ரோட்டில் கதிர் பரப்ப வேண்டும். சுப்பையா மந்தையை ஒன்பது மணிக்குத்தான் ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஊரில் நிற்கும்போது நான் இன்ஜினை அணைத்துவிடுவேன், கிளம்பும்போது ஆம்பிளைகள் தள்ளி ஸ்டார்ட் செய்து கொடுத்துவிட்டு, ஓடிவந்து ஏறிக்கொள்ள வேண்டும். ஓட ஆரம்பித்த வண்டியை நான் மறுபடி நிறுத்த மாட்டேன். "யாருக்காவும் நிக்கப்பிடாது" என்று கடைசிச் சட்டத்தைச் சண்முகத்தாயே சொன்னாள்.

என் கண்டக்டர் முத்தையாவுக்கு நாக்கில் விஷம். "அண்ணாச்சி, நாமளும் எறங்கித் தள்ளிட்டா இஞ்சினையே கழட்டி வித்துரலாம்" என்றான்.

ஆனால் நடந்தது தம்பிகளா, நிசமாகவே நடந்தது. எட்டு நாற்பதுக்கு இருபது பேர் வண்டியின் முதுகில் கை வைப்பார்கள். "ஏலே, தம் கட்டு!" என்று ஒரு சத்தம். இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் வண்டி குலுங்கி உயிர் பெறும். தள்ளியவர்கள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து படியில் தொற்றுவார்கள். உங்கள் காரில் பாட்டரி செய்கிற வேலை. சுப்பையா எட்டரைக்கே ரோட்டோரம் நின்று, தலைப்பாகையை அவிழ்த்துக் கொடி மாதிரி ஆட்டி எனக்கு வழி விடுவார். ஊராட்சித் தலைவர் ஒரு நாள் அரை நிமிடம் தாமதம். நான் நிற்கவில்லை. மோட்டார் பைக்கில் துரத்தி வந்து அடுத்த ஊரில் ஏறினார், ஏறியதும் என்னை வையவில்லை, "சட்டம்னா சட்டம்தான்" என்று பெருமையாகச் சொன்னார். மூன்றரை, மூன்றேமுக்காலாக ஏறியது. மாசி நடுவில் நாலைத் தொட்டது. பிறகு நாலேகால்.

பலகையில் என் பெயருக்கு மேல் நட்சத்திரம் குடியேறியது. எனக்குத் தலை கனத்தது. மற்ற டிரைவர்கள் டீக்கடையில் என்னிடம் வந்து ரகசியம் கேட்டார்கள். நான் ஏதோ கால் பெருவிரலின் நுணுக்கம் என்பது போலப் பேசினேன். ஊர் தள்ளுகிறது என்று சொல்லவில்லை.

முதலாளிக்கோ நம்பிக்கை வரவில்லை. மண்ணெண்ணெய் கலக்கிறேனா என்று முத்தையாவிடம் தனியாகக் கேட்டுப் பார்த்தார். கடைசியில், "நானே வாரேன், எம் முன்னால ஓட்டிக் காட்டு" என்றார். பங்குனியில் ஒரு நாள் டேங்க்கை வழிய வழிய நிரப்பி, மூடியில் நூல் கட்டி அரக்கு வைத்து, வெள்ளை வேட்டி சட்டையில் முன்சீட்டில் வந்து உட்கார்ந்தார். அன்றைக்குப் பிளஸ் டூ கணக்குப் பரீட்சை. பத்து மணிக்கு ஆரம்பம், பத்தரைக்கு மேல் வருபவர்களை உள்ளே விட மாட்டார்கள்.

பருத்தியேந்தலில் போய் இன்ஜினை அணைத்தேன். முதலாளி இறங்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எட்டு நாற்பதானதும் பின்னால் பார்த்தால் தள்ள ஏழெட்டு ஆள்தான் நின்றார்கள். மீதிப் பேர் உளுந்து பிடுங்கக் காட்டுக்குப் போய்விட்டார்கள். தள்ளிப் பார்த்தார்கள், வண்டி அசையவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் பேச்சியம்மாள்தான் இறங்கினாள். அவள் பின்னாலேயே மற்ற எட்டும் இறங்கியது. பரீட்சை அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை கொடுத்தார்கள். வண்டி நகர்ந்தது. கிளட்சை விட்டேன், உயிர் வந்துவிட்டது. ஆம்பிளைகள் ஏறினார்கள், பிள்ளைகளும் ஒவ்வொருத்தியாகத் தொற்றிக்கொண்டார்கள். நான் மூன்றாவது கியருக்குப் போனேன்.

முத்தையா விசில் அடித்தான். ஒற்றை விசில். நிறுத்து என்று அர்த்தம்.

கண்ணாடியில் பார்த்தேன். பேச்சியம்மாள் ரோட்டில் மண்டியிட்டுக் குனிந்திருந்தாள். கக்கத்திலிருந்த அட்டை விழுந்து, ஹால் டிக்கெட்டும் பேனாவும் சிதறிவிட்டன. பொறுக்கிக்கொண்டு எழுந்தாள். ஒரு கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். நன்றாகத்தான் ஓடினாள், ஆனால் நான் அவளைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தேன்.

என் பக்கத்தில் முதலாளி. "என்னடே?" என்றார், அவ்வளவுதான். நிறுத்தாதே என்று அவர் சொல்லவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன், பிறகு அவர் மேல் பழியைப் போட்டேன் என்று வரக்கூடாது.

எனக்கு நேர் பின்சீட்டில் சண்முகத்தாய். சன்னல் வழியாக எட்டிப் பார்த்தவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். நேரே முன்னால் பார்த்தபடி, மெதுவாக, "போங்க அண்ணாச்சி" என்றாள். "நிக்காதீங்க. ஒருத்திக்காவ எட்டுப் பிள்ளைக்கும் படிப்புப் போயிரும். அவ எப்பிடியும் வந்திருவா. போங்க."

நின்றால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். வண்டி இன்னும் சூடேறவில்லை, நிறுத்தினால் இன்ஜின் அணைந்தாலும் அணைந்துவிடும், மறுபடி எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். நாலு வருவது சந்தேகம். மெயின் ரோடு போனால் அவளுக்கு ஏதாவது வண்டி கிடைக்காதா? தாயே போகச் சொல்லிவிட்டாள். இவ்வளவும் ஒரு விநாடியில் மண்டைக்குள் ஓடியது. ஊருக்காகத்தான் போனேன் என்று உங்களிடம் சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் நாளைக் காலை பலகையில் நட்சத்திரம் இருக்காதே என்பதும் அந்த விநாடிக்குள் வந்துபோனது. நாலாவது கியரைப் போட்டேன்.

அதற்குப் பிறகு நான் ஓட்டினேன் பாருங்கள், அப்படி ஒருநாளும் ஓட்டியதில்லை. பிரேக்கை மிதித்ததே மூன்று இடத்தில்தான். கொட்டகைக்கு வந்து டேங்க்கை நிரப்பிப் பார்த்ததில் லிட்டருக்கு நாலரை. முதலாளி என் முதுகில் தட்டினார். "பரவாயில்லையேடே, நீ லேசுப்பட்ட ஆளில்ல" என்றார்.

பேச்சியம்மாள் மெயின் ரோடு வரைக்கும் ஆறு கிலோமீட்டர் ஓட்டமும் நடையுமாகப் போயிருக்கிறாள். அங்கே நின்று ஒரு பஸ் பிடித்துப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோது மணி பத்து ஐம்பது. உள்ளே விடவில்லை.

மேலே கேளுங்கள். அடுத்த வாரம் பருத்தியேந்தல் டிரிப் நின்றுவிட்டது. நாலரை கொடுத்த வண்டியின் டிரிப்தான். நான் முதலாளியிடம் ஓடினேன். "நாலு வந்தா போதும்னுதானே சொன்னிய?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஏலே, வண்டி வித்தாச்சுடே. ராமநாதபுரத்துப் பார்ட்டி ரெண்டு மாசமா வாங்குதேன் வாங்குதேன்னு இழுத்துக்கிட்டே கெடந்தான். மைலேஜ் இல்லன்னுல்லா சடைச்சான். நாலர குடுக்குன்னு பலகையக் காட்டுனேன், பேசாம வாங்கிட்டுப் போயிட்டான். எல்லாம் உன் கைராசி."

முதலாளி என்னை ஏமாற்றினார் என்று கூடச் சொல்ல முடியாது. எதற்காக நாலு வேண்டும் என்று நான் கேட்டதே இல்லை. ஒரு ஊரே இரண்டு மாதம் வண்டியைத் தள்ளித் தள்ளி, அதை ஊரை விட்டே வெளியே தள்ளிவிட்டது. செல்ஃப் மோட்டாரை மாற்றாதவர், கொட்டகையில் எல்லார் முன்னாலும் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். தூத்துக்குடி பெரிய வண்டிக்கு மாற்றி, முத்தையாவையும் என்னோடு அனுப்பினார். அந்தப் பொன்னாடையை வீட்டில் பெட்டியின் அடியில் போட்டேன், எடுத்துப் பார்க்கக் கூசியது.

ஒன்பது பிள்ளைகளில் இரண்டு விடுதியில் சேர்ந்தது, ஒன்று அத்தை வீட்டுக்குப் போனது. மீதியை அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்து ஏற்றிக்கொண்டது. சண்முகத்தாய் சொன்னது சரிதான், அது ஒரு நாளும் தவறவில்லை.

வைகாசியில் பஸ் ஸ்டாண்டில் சண்முகத்தாயைப் பார்த்தேன். ஒளியலாமா என்று நினைத்தேன், அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். "பேச்சி என்னம்மா செய்யுதா?" என்று கேட்டேன்.

"தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுதா அண்ணாச்சி. செப்டம்பர்ல திரும்ப எழுதலாம்னு சொல்லுதாவ. அவளுக்குத்தான் மனசு இல்ல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையை ஆட்டினாள். "நீங்க என்ன செய்விய? நாந்தான போகச் சொன்னேன்." அதைச் சொல்லிவிட்டு அவளுடைய பஸ்ஸைப் பார்த்துப் போய்விட்டாள். நாலு வார்த்தை வைதிருந்தால் அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

உங்களுக்கு யோசனை சொல்லத்தானே என்னை எழுதச் சொன்னார்கள். சொல்கிறேன். சிக்கனமாக ஓட்டுங்கள், நல்ல பழக்கம், டீசல் வானத்திலிருந்து கொட்டவில்லை. ஆனால் ஒருத்தர் உங்களிடம் வந்து இத்தனை வேண்டும் என்று ஒரு எண்ணைச் சொன்னால், அது எதற்கு என்று வாயைத் திறந்து கேளுங்கள். வண்டிக்கு உள்ளே இருப்பவர்கள் போ என்று சொல்லலாம், பக்கத்தில் இருப்பவர் கடிகாரத்தைப் பார்க்கலாம். பிரேக் இருப்பது உங்கள் காலுக்கு அடியில். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. தெரியாத வயதில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதினால்தான் முழுதாகும்.

அந்த வருடம் ஆடி மாதம். தூத்துக்குடியிலிருந்து கோவில்பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன், எதிர்க்காற்று பலமாக அடித்தது. எட்டயபுரம் தாண்டி, பருத்தியேந்தலுக்குப் பிரியும் முக்கில் ஒரு பெண் கையில் தூக்குவாளியோடு நின்றுகொண்டு வண்டியைப் பார்த்துக் கை காட்டினாள். அது எங்களுக்கு ஸ்டாப்பிங் இல்லை. தூரத்திலேயே எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது, வேகத்தைக் குறைத்தேன். கொஞ்சம் பக்கத்தில் போனதும் அவளுக்கும் டிரைவரைத் தெரிந்துவிட்டது. காட்டிய கையைக் கீழே போட்டுவிட்டாள்.

படி அவளுக்கு நேராக வரும்படி நிறுத்தினேன். "ஏறு தாயி" என்றேன்.

"நீங்க போங்க மாமா" என்றாள் பேச்சியம்மாள். கோபமாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னாள். "எனக்காவ நின்னா மைலேஜ் கொறஞ்சிரும்லா. நான் அடுத்த வண்டியில வாரேன்."

முத்தையா என்னைப் பார்த்தான். உள்ளே இருந்தவர்கள் "ஏறலைன்னா எடுங்கய்யா, என்னத்துக்கு நிக்குதிய?" என்று சத்தம் போட ஆரம்பித்தார்கள். நான் கியர் போடவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் எங்கள் பக்கம் திரும்பாமல் ரோட்டைப் பார்த்து நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்னால் இன்னொரு பஸ் வந்தது. அவள் எங்கள் வண்டியைச் சுற்றிப் போய் அதற்குக் கை காட்டி ஏறிக்கொண்டாள். அது எங்களைத் தாண்டிப் போய், தூசி அடங்கிய பிறகுதான் நான் வண்டியை எடுத்தேன்.